ரீட்மீ ஃபைலை ஐகான் ஆக்கலாமா? ‘மாற்றித் தருகிறோம்’ என்பவர்களிடம் கொஞ்சம் உஷார்!

“டெக்ஸ்ட் ஃபைலை ஐகான் ஃபைலாக மாற்ற நல்ல ஆப் ஒன்று சொல்லுங்கள். அவசரம்.”

இந்த வாரம் நம் பகுதிக்கு வந்த கேள்விகளிலேயே சின்னது இதுதான். ஏதாவது ஒரு ஆப் பெயரைப் பதிலாகத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் கேள்வியே கொஞ்சம் இடித்தது. டெக்ஸ்ட் ஃபைல் என்றால் எழுத்து. ஐகான் என்றால் படம். எழுத்தை எதற்குப் படமாக்க வேண்டும், அதுவும் இவ்வளவு அவசரமாக? கேட்டவருக்கே போன் போட்டேன்.

நாமக்கல் பக்கம் ஒரு சிற்றூர். வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் செய்து விற்கிறார். வாட்ஸ்ஆப்பிலேயே ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்துக்கு இப்போது ஒரு வெப்சைட் போடுகிறார். அதைச் செய்துதரும் பையன் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறான். கடை விவரங்களை ஒரு ரீட்மீ டெக்ஸ்ட் ஃபைலாக அடித்து அனுப்ப வேண்டும். கடைக்கு ஒரு ஐகான், ‘டாட் ஐகோ’ ஃபைலாக வேண்டும். இரண்டும் ஒரே மெசேஜில் வந்ததால், அந்த டெக்ஸ்ட் ஃபைலையே ஐகோவாக மாற்றித் தர வேண்டும் என்று இவர் புரிந்துகொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பார்கள். அந்தப் பையன் எழுதிய தமிழ் அப்படி!

கூகுளில் தேடியிருக்கிறார். ‘டெக்ஸ்டை ஐகானாக மாற்றுங்கள், இலவசம்’ என்று ஒரு தளம் வந்திருக்கிறது. ஃபைலை ஏற்றினார். சுற்றிச் சுற்றி ‘முடிந்தது’ என்று காட்டியது. ஒரு ஃபைலும் டவுன்லோடு ஆனது.

“பூப் படம் போட்டு அழகா இருக்குதுங்க தம்பி. ஆனா தொட்டா, இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணட்டுமான்னு கேக்குது.”

“பண்ணிட்டீங்களாக்கா?”

“இல்லீங்க. அதுக்குள்ள உங்களைக் கேட்டுக்கலாம்னுதான் எழுதினேன்.”

நல்லவேளை. அடுத்த கேள்விக்குத்தான் அவர் கொஞ்சம் தயங்கினார். ஏற்றிய ஃபைலில் என்னவெல்லாம் இருந்தது? கடை முகவரி, விலைப்பட்டியல். சரி. வங்கிக் கணக்கு எண். ம்ம். வழக்கமாக வாங்குகிறவர்களின் பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி. கடைசி வரியில், மறந்துவிடக் கூடாது என்று அடித்து வைத்திருந்த நெட்பேங்கிங் பாஸ்வேர்டு. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் வசதி என்று அவருடைய கணக்குப் புத்தகமாகவே இருந்திருக்கிறது அந்த ஃபைல்.

முதலில் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன், போனை வைப்பதற்கு முன்பே. வந்த ஃபைலைத் திறக்காமல் அழிக்கச் சொன்னேன். வாடிக்கையாளர்களுக்கு, ‘என் கடை பெயரைச் சொல்லி யாராவது பணமோ ஓடிபியோ கேட்டால் கொடுக்காதீர்கள், எனக்கு போன் செய்யுங்கள்’ என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள் என்றேன். இதற்குத்தான் மனம் ஒப்பவில்லை. “பேரு கெட்டுப் போயிருமேங்க தம்பி” என்றார். பாஸ்வேர்டு அவருடையது, மாற்றிவிடலாம். அந்த முகவரிகள் அவரை நம்பிக் கொடுத்தவர்களுடையவை. நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலையில் அவரே அனுப்பிவிட்டார். ஒருவர் பதிலுக்கு அரைக் கிலோ பருப்புப் பொடி ஆர்டர் போட்டதாகவும் சொன்னார்.

இனி ஐகான் விஷயத்துக்கு வருவோம்.

உள்ளே இருப்பது எண்கள்தான்

உங்கள் போனில் இருக்கும் எந்த ஃபைலைத் திறந்து ஆணிவேர் வரை போனாலும் அங்கே இருப்பது எண்களின் வரிசை மட்டும்தான். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை. ஓர் எண்ணுக்கு ஒரு பைட் என்று பெயர். பாட்டு, படம், பான் கார்டு ஸ்கேன், எல்லாமே இதே எண்கள். அவற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம்.

டெக்ஸ்ட் ஃபைல் இருப்பதிலேயே எளிமையானது. அதில் எண்களுக்கு எழுத்து என்று மட்டுமே அர்த்தம். 65 என்றால் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து. நம் ‘அ’வுக்கு ஒரு பைட் போதாது. 224, 174, 133 என்று மூன்று பைட்டுகள் அடுத்தடுத்து வர வேண்டும். ‘அம்மா’ என்று அடித்தால் கம்ப்யூட்டர் அதை அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து துண்டாகப் பார்க்கும். துண்டுக்கு மூன்று வீதம் 15 பைட். யூடிஎஃப்-8 என்ற இந்த முறையை 1992-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டுக்குக் கீழே விரிக்கும் தாளில் கென் தாம்சன் எழுதிக் காட்டினார். எதிரில் இருந்தவர் ராப் பைக். இன்று நீங்கள் வாட்ஸ்ஆப்பில் தமிழில் அடிக்கும் ஒவ்வொரு வரியும் பிழையில்லாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்வதில் அந்தத் தாளுக்கும் பங்கு உண்டு.

ரீட்மீ என்பதும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். ‘என்னைப் படி’ என்று பெயரிலேயே கெஞ்சும் ஃபைல். மென்பொருளோடு இப்படி ஒரு விளக்கக் குறிப்பை வைத்து அனுப்பும் வழக்கம் 1970களிலேயே வந்துவிட்டது. எந்தக் கம்ப்யூட்டரிலும், எந்தப் போனிலும், எத்தனை வருடம் கழித்தும் திறக்கும் என்பதால்தான் அதை வெறும் டெக்ஸ்டாக வைக்கிறார்கள்.

ஐகோ ஃபைல் வேறு ஜாதி. விண்டோஸுக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய படக் கூடை அது. முதல் நான்கு எண்கள் எப்போதும் 0, 0, 1, 0. அடுத்து, உள்ளே எத்தனை படம் இருக்கிறது என்ற கணக்கு. ஆமாம், ஒரே ஐகோ ஃபைலுக்குள் பல படங்கள் இருக்கும். அடுக்கு டப்பா மாதிரி. ஒரே படம்தான், 16-க்கு 16, 32-க்கு 32, 48-க்கு 48, 256-க்கு 256 புள்ளிகள் என்று வேறு வேறு அளவில். எந்த இடத்தில் எது பொருந்துமோ அதைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை. படத்தின் அகலத்தைக் குறிக்க ஒரே ஒரு பைட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பைட்டில் 255-க்கு மேல் எழுத முடியாது. எனவே 256 அகலமுள்ள படத்துக்கு அந்த இடத்தில் 0 என்று எழுதிச் சமாளிக்கிறார்கள்!

ஆக, டெக்ஸ்ட் ஃபைலில் படம் என்ற பேச்சே இல்லை. நிறம் இல்லை, அகலம் இல்லை, உயரம் இல்லை. ‘பருப்புப் பொடி கால் கிலோ’ என்ற எழுத்துக்குள் ஒரு படம் ஒளிந்துகொண்டிருக்கவில்லை, மாற்றி எடுப்பதற்கு.

பிறகு அந்தத் தளங்கள் எதைத்தான் மாற்றுகின்றன?

நேர்மையான தளங்களும் இருக்கின்றன. அவை செய்வது இதுதான்: உங்கள் டெக்ஸ்டை ஒரு வெள்ளைத் தாளில் அச்சடித்த மாதிரி படமாக வரைந்து, அந்தப் படத்தைச் சுருக்கி ஐகோ கூடைக்குள் வைத்துத் தருகின்றன. சரி, அப்படி வந்த ஐகான் எப்படி இருக்கும்? ஒரு பக்கத்தில் 2,000 எழுத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 256-க்கு 256 என்றால் மொத்தம் 65,536 புள்ளிகள். இடைவெளி, ஓரம் எதையும் விடாமல் பங்கு போட்டாலும் ஓர் எழுத்துக்கு 33 புள்ளிகூட வராது. ஏறத்தாழ ஆறுக்கு ஆறு சதுரம். அதில் ‘ணை’ எழுதிப் பாருங்கள். வெப்சைட் ஐகானுக்கு வேண்டிய 16-க்கு 16 அளவிலோ மொத்தமே 256 புள்ளிதான். ஒரு புள்ளிக்குள் எட்டு எழுத்து நெருக்கியடித்து உட்கார வேண்டும். கிடைப்பது சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம்.

அதாவது, நம் அக்காவுக்கு அந்தத் தளம் ஒழுங்காகவே வேலை செய்திருந்தாலும் கைக்கு ஒன்றும் வந்திருக்காது. ஆனால் அவர் கொடுத்த ஃபைல் மட்டும் அங்கே போயிருக்கும்.

இந்தக் கடைசி வாக்கியம் எல்லா கன்வெர்ட்டர் தளங்களுக்கும் பொருந்தும். பிடிஎஃப்பை வேர்டாக்குவது, போட்டோவைப் பிடிஎஃப் ஆக்குவது, 200 கேபிக்குள் சுருக்குவது என்று நாம் அன்றாடம் செய்கிறோம். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இது நடக்கிறது. ஏற்றுவது ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், கையெழுத்து. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பின் டென்வர் அலுவலகம் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இலவசமாக ஃபைல் மாற்றித் தருவதாகச் சொல்லும் சில தளங்கள், மாற்றிய ஃபைலோடு சேர்த்து வைரஸையும் அனுப்புகின்றன; ஏற்றிய ஃபைலுக்குள் இருக்கும் வங்கி விவரம், பாஸ்வேர்டு, இமெயில் முகவரிகளையும் சுரண்டி எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் அதன் சாரம். கேட்ட வேலையை உண்மையிலேயே செய்தும் கொடுத்துவிடுவார்கள், அதனால் சந்தேகமே வராது. ‘பிடிஎஃப் சரியாத்தானே வந்துச்சு’ என்று நாமும் அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டு அங்கேயே போவோம்.

எல்லாத் தளமும் திருட்டுத் தளம் என்று சொல்ல வரவில்லை. சில தளங்கள் ஃபைலை எங்கேயும் அனுப்பாமல் உங்கள் பிரவுசருக்குள்ளேயே மாற்றித் தருகின்றன. கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஒன்றுமே இல்லாத வெற்று ஃபைல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தைத் திறந்து வைத்துவிட்டு, போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். இப்போது மாற்றச் சொல்லுங்கள். நெட் இல்லாமலே மாற்றிக் கொடுத்தால் ஃபைல் உங்கள் போனிலேயே இருக்கிறது என்று அர்த்தம். முழித்துக்கொண்டு நின்றால், அது வெளியே அனுப்பித்தான் வேலை செய்கிறது.

லேபிளை மட்டும் மாற்றினால்?

சிலர் இன்னும் எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஃபைலின் பெயரில் கடைசியில் இருக்கும் ‘டாட் டிஎக்ஸ்டி’யை அழித்துவிட்டு ‘டாட் ஐகோ’ என்று எழுதிவிடுவது. இது நல்லெண்ணெய் டின்னில் ‘நெய்’ என்று லேபிள் ஒட்டுவது. உள்ளே இருக்கும் எண்களில் ஒன்றுகூட மாறாது. படம் காட்டும் ஆப் அதைத் திறந்து, 0, 0, 1, 0 எங்கே என்று தேடி, கிடைக்காமல் ‘இந்த ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது’ என்று சொல்லும். கெடவில்லை. பெயரைப் பழையபடி மாற்றினால் பருப்புப் பொடி விலை திரும்பி வந்துவிடும்.

பல வகை ஃபைல்களுக்குத் தொடக்கத்தில் இப்படி ஒரு குலச்சின்னம் உண்டு. ஜேபெக் படம் 255, 216 என்று தொடங்கும். விண்டோஸில் ஓடும் ‘இஎக்ஸ்இ’ புரோகிராமின் முதல் இரண்டு எழுத்து எம், இஸட். மைக்ரோசாஃப்டில் அந்த வடிவத்தை உருவாக்கிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற இன்ஜினீயரின் இனிஷியல் அது. ஜிப் ஃபைல் பி, கே என்று தொடங்கும்; ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் இனிஷியல். வேர்டின் ‘டாக்எக்ஸ்’ ஃபைலும், ஆண்ட்ராய்டு ஆப்பான ‘ஏபிகே’வும் அடிப்படையில் ஜிப் மூட்டைகள்தான். எனவே அவையும் பி, கே என்றே தொடங்கும். எத்தனை பெயர் மாற்றினாலும் இந்தச் சின்னம் உள்ளே அப்படியே இருக்கும். வெளியே லேபிளை மட்டும் பார்க்கிறவர்கள் நாம்தான்.

லேபிளை மட்டும் பார்த்ததால் உலகமே அலறிய ஒரு நாள் உண்டு. 2000-ம் ஆண்டு மே 4. ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பில் ஓர் இமெயில். கூடவே ஒரு ஃபைல், ‘உனக்கொரு காதல் கடிதம்’ என்ற பொருளில் பெயர், பின்னாலேயே ‘டாட் டிஎக்ஸ்டி’. வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தானே, கடிதம்தானே என்று திறந்தார்கள். உண்மையில் பெயர் அங்கே முடியவில்லை. ‘டாட் டிஎக்ஸ்டி’க்குப் பின்னால் ‘டாட் விபிஎஸ்’ என்று இன்னொரு வால் இருந்தது. அது கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமின் அடையாளம். விண்டோஸ் வழக்கமாகக் கடைசி வாலை மறைத்துவிடும், பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று. ஐகானும் ஒரு சுருள் காகிதம் போலவே இருந்தது. பிறகென்ன சந்தேகம் வரும்? திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அதே காதல் கடிதம் பறந்தது. பிரிட்டன் நாடாளுமன்றம் தன் இமெயிலையே நிறுத்தி வைத்தது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒனெல் டி குஸ்மான் மீது சந்தேகம் விழுந்தது. ஆனால் அதைக் குற்றம் என்று சொல்ல அந்த நாட்டில் அப்போது சட்டமே இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. அடுத்த மாதமே சட்டம் கொண்டுவந்தார்கள். இருபது வருடம் கழித்து, நான்தான் செய்தேன் என்று அவரே ஒரு பத்திரிகையாளரிடம் ஒப்புக்கொண்டார்.

நம் தலைப்புக்கு இதில் ஒரு விசேஷத் தொடர்பும் உண்டு. அந்தப் புரோகிராம் எழுதப்பட்டிருந்ததே வெறும் டெக்ஸ்டாகத்தான். நோட்பேடில் திறந்தால் படிக்கலாம். அது கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும், சேமித்து வைத்திருந்த ஜேபெக் போட்டோக்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் மேல் தன்னையே எழுதிக்கொண்டது. குடும்பப் படங்கள் இருந்த இடத்தில் காதல் கடிதத்தின் நகல்கள். படத்தை டெக்ஸ்டாக மாற்றுவது எவ்வளவு எளிது பாருங்கள், திருப்பி எடுக்கத்தான் வழியில்லை.

இன்றைக்கு அதே வேலை வாட்ஸ்ஆப்பில் நடக்கிறது. 2024 நவம்பரில் ஹிமாச்சலப் பிரதேச போலீஸார் எச்சரித்த ‘கல்யாணப் பத்திரிகை’ ஃபைல் இந்த ரகம். பத்திரிகை என்று வருகிறது, தொட்டால் ஆப் இன்ஸ்டால் ஆகிறது. டிராஃபிக் அபராத ரசீது என்ற பெயரிலும் வருகிறது. ஓர் ஏபிகே தனக்கு எந்த ஐகான் வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்துகொள்ளும். மஞ்சள் குங்குமம் தடவிய பத்திரிகைப் படமோ, வங்கி லோகோவோ, பூவோ, எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு வரும். டெக்ஸ்ட் ஃபைலுக்கும் போட்டோவுக்கும் அந்த உரிமை இல்லை. அவற்றுக்கு எந்த ஐகான் என்பதை உங்கள் போன்தான் தீர்மானிக்கிறது. எனவே, ஒரு படத்தையோ கடிதத்தையோ திறக்கும்போது போன் ‘இன்ஸ்டால்’ என்ற வார்த்தையைக் காட்டினால், உள்ளே இருப்பது படமும் இல்லை, கடிதமும் இல்லை. ‘தெரியாத இடத்தில் இருந்து ஆப் நிறுவ அனுமதிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

16 புள்ளி, 16 வரிசை

சரி, அக்காவுக்கு ஐகான் வேண்டுமே!

வெப்சைட்டுக்கான ஐகானுக்கு ஃபேவ்ஐகான் என்று பெயர். பிரவுசரில் தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் குட்டியாகத் தெரியுமே, அதுதான். 1999-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 பிரவுசரோடு வந்தது. பிடித்த தளங்களைச் சேர்த்து வைக்கும் ‘ஃபேவரிட்ஸ்’ பட்டியலில் அடையாளத்துக்காக வைத்ததால் அந்தப் பெயர். அளவு 16-க்கு 16 புள்ளி.

16 புள்ளி, 16 வரிசை என்று சொன்னால் நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மார்கழியில் வாசலில் போடுவதைவிடச் சின்னக் கோலம். ஒரே வித்தியாசம், இங்கே புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுக்கக் கூடாது. புள்ளிகளுக்கே வண்ணம் கொடுக்க வேண்டும். 1984-ல் வந்த ஆப்பிள் மேக் கம்ப்யூட்டருக்கு ஐகான்கள் வரைந்த சூசன் கேரும் இப்படித்தான் தொடங்கினார். கம்ப்யூட்டரில் வரையவில்லை, கட்டம் போட்ட நோட்டில் வரைந்தார். 32-க்கு 32 கட்டம், மொத்தம் 1,024. கறுப்பா வெள்ளையா என்பது மட்டும்தான் ஒவ்வொரு கட்டத்துக்கும் கேள்வி. சிரிக்கும் கம்ப்யூட்டர், திரி எரியும் குண்டு எல்லாம் அந்த நோட்டில் பிறந்தவை. பிறகு விண்டோஸ் 3.0-க்கும் ஐகான்கள் வரைந்தார். அலுவலக நேரத்தில் பலர் ஆடித் தீர்த்த சாலிடேர் சீட்டுக் கட்டும் அவர் கைவண்ணம்தான்.

அக்காவின் கடைப் பெயர் ‘செ’ என்ற எழுத்தில் தொடங்குகிறது. அதையே ஐகானாக வைக்கலாம் என்று ஆசைப்பட்டார். கணக்கு நோட்டில் கட்டம் எண்ணி நிரப்பிப் பார்த்தால், கொம்பும் ‘ச’வும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேறெதுவோ போலத் தெரிகிறது. தமிழில் இந்தச் சிக்கல் உண்டு. ‘ப’, ‘ட’ இரண்டும் 16 கட்டத்துக்கென்றே செய்த எழுத்துகள், கோடும் மூலையும்தான். ‘ஞ’, ‘இ’ எல்லாம் சுழியிலேயே மூச்சுத் திணறிவிடும். உங்கள் கடைப் பெயர் ‘ப’வில் தொடங்கினால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் ஒரு பொருள்தான் எடுபடும். எழுதி எழுதிப் பார்த்து, கடைசியில் ஒரு சிவப்பு மிளகாய்க்கு வந்து சேர்ந்தார். மஞ்சள் பின்னணி, பச்சைக் காம்பு. காம்புக்கு நான்கு புள்ளிதான், ஆனாலும் மிளகாய் என்று தெரிகிறது.

வரைந்ததை என்ன செய்வது? போனில் ஏதாவது ஒரு ஓவிய ஆப்பில் சதுரமாக, 512-க்கு 512 அளவில் வரைந்து ‘பிஎன்ஜி’ படமாகச் சேமித்து வெப்சைட் செய்யும் பையனுக்கு அனுப்பினால் போதும். ஐகோ கூடைக்குள் வைப்பது அவன் வேலை. அவனிடம் அதற்கான கருவிகள் இருக்கும். இப்போதைய பிரவுசர்கள் பிஎன்ஜியையே ஐகானாக ஏற்றுக்கொள்ளும், ஐகோ கட்டாயமும் இல்லை. நானேதான் செய்வேன் என்பவர்கள் கம்ப்யூட்டரில் ‘கிம்ப்’ அல்லது ‘இர்ஃபான்வியூ’ மென்பொருளை அவற்றின் சொந்தத் தளத்தில் இருந்து இறக்கிக்கொள்ளலாம். வீட்டு உபயோகத்துக்கு இரண்டும் இலவசம், இரண்டும் நெட் இல்லாமலே ஐகோவாகச் சேமிக்கும்.

டெக்ஸ்ட் ஃபைலை டெக்ஸ்டாகவே அனுப்புங்கள். இது ஐகானைத் தாண்டியும் சொல்ல வேண்டிய விஷயம். விலைப்பட்டியலை, பள்ளிச் சுற்றறிக்கையை, மாத்திரை சாப்பிடும் நேரத்தை எல்லாம் அழகான பின்னணியில் படமாக்கி அனுப்பும் வழக்கம் நம் குரூப்களில் அதிகம். ஆயிரம் எழுத்துத் தமிழ் டெக்ஸ்ட் 3 கேபிதான். அதையே படமாக்கினால் பல மடங்கு. அதுகூடப் பரவாயில்லை. ஆறு மாதம் கழித்து வாட்ஸ்ஆப் தேடலில் ‘பருப்புப் பொடி’ என்று தட்டினால் டெக்ஸ்ட் வந்து நிற்கும், படம் வராது. எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிக்கும் தாத்தாவின் போன் செட்டிங், டெக்ஸ்டைத்தான் பெரிதாக்கும். பார்வையற்றவர்களின் போனில் திரையைப் படித்துக் காட்டும் வசதி, டெக்ஸ்டைத் தடங்கலில்லாமல் வாசிக்கும். படம் என்றால் பெரும்பாலும் ‘படம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

அந்த டெக்ஸ்ட் ஃபைலில் கடை விவரம் மட்டும் இருக்கட்டும். வாடிக்கையாளர் பட்டியல் தனி ஃபைலில். பாஸ்வேர்டு எந்த ஃபைலிலும் வேண்டாம். போனிலேயே இருக்கும் பாஸ்வேர்டு மேனேஜர், அல்லது பீரோவுக்குள் ஒரு நோட்டு. பீரோ நோட்டைக் கேலி செய்பவர்கள் உண்டு. எந்த இணையதளத்திலும் அதைத் தவறுதலாக ஏற்றிவிட முடியாது என்பதால் எனக்கு அதில் ஆட்சேபமே இல்லை.

ஐகான் வைத்த பிறகும் உங்கள் போனில் பழைய ஐகானோ, வெற்று உருண்டையோதான் தெரிகிறது என்றால் பையனைத் திட்ட வேண்டாம். பிரவுசர் பழைய ஐகானைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே சில நாள் காட்டும். வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். அங்கே மிளகாய் தெரிந்தால் எல்லாம் சரி.